தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் வசிக்கிறேன். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஏழேகால் மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஒன்பது ஆகிவிடுகிறது. பத்து மணிக்குச் சாப்பாடு, படுக்கப் பன்னிரண்டு, எழுவது ஐந்தே முக்கால். அலுவலகத்தில் நடந்த உடல் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 109, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 6.1, ரத்த அழுத்தம் 136/88, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 214, முதல் நிலைக் கல்லீரல் கொழுப்பு என்று வந்திருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. நாளைக்கு இரண்டு சிகரெட் பிடிக்கிறேன், மது இல்லை. “வாழ்க்கை முறையை மாற்றுங்கள்” என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். நாலரை மணிக்கு எழுந்து ஜிம்முக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி சாப்பிடச் சொல்கிறார் மனைவி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்கி வழிகிறேன்; பிள்ளைகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். மாத்திரை இல்லாமல் தப்பிக்க வழி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஜிம்மைப் பற்றிய கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். நாலரை மணிக்கு எழ வேண்டாம். இப்போதே நீங்கள் உறங்குவது ஐந்தே முக்கால் மணி நேரம்தான். அதிலும் ஒன்றேகால் மணி நேரத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது நாலரை மணி நேரம். அந்த அளவு உறக்கத்தோடு செய்யும் உடற்பயிற்சி, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது சர்க்கரை அளவு அல்ல, இந்த ஐந்தே முக்கால் என்ற எண்தான்.

இதை மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்த நோயும் இல்லாத 11 இளைஞர்களைத் தொடர்ந்து ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்டுப் பரிசோதித்தார்கள். அந்தச் சில நாட்களிலேயே, சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்தும் திறன் அவர்களுக்குக் கண்கூடாகக் குறைந்துபோயிருந்தது. நன்றாக உறங்க விட்ட பிறகு அது மீண்டது. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்பு கூடுவதும், போதும் என்று சொல்லும் சுரப்பு குறைவதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தன. மாலை ஐந்தரை மணிக்கு வடா பாவ் வண்டியைக் கண்டதும் கால்கள் தாமாக நிற்பதற்கு மன உறுதிக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஞாயிறன்று தூங்கி வழிவதும், பிள்ளைகளிடம் எரிந்து விழுவதும் பெரும்பாலும் அதே கடனின் வட்டிதான். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை.

ஏழுக்குக் குறையும் ஒன்றேகால் மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். வேலையையும் ரயிலையும் உங்களால் மாற்ற முடியாது. உடற்பயிற்சி செய்யாததற்கு இந்த ஊரில் என்னிடம் சொல்லப்படும் காரணங்களில் நான் மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொள்வது மத்திய ரயில்வேயின் கூட்டத்தை மட்டும்தான். ஆகவே மாற்றக்கூடியதாக மிஞ்சுவது இரவு ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று மணி நேரம். அதன் நடுவில் இரவுச் சாப்பாடு வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் பதினொன்றரைக்கு முன்பு படுக்க மனம் வராது; படுத்தாலும் நெஞ்செரிச்சல் விடாது. இந்தச் சாப்பாட்டை மாலை ஏழு மணிக்கு, அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லும் முதன்மையான ஆலோசனை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. இரவு ஏற ஏற, உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற சுரப்பு ரத்தத்தில் கூடுகிறது; அது கூடியிருக்கும் வேளையில் கணையம் இன்சுலினைக் கொஞ்சம் சோம்பலாகவே வெளியிடுகிறது. அதே சாப்பாட்டை, அதே அளவில், மாலையில் சாப்பிடும்போது ஏறுவதைவிட உறங்கப்போகும் நேரத்தில் சாப்பிடும்போது சர்க்கரை அதிகமாக ஏறுகிறது. நெடுநேரம் இறங்காமலும் நிற்கிறது. டிரைகிளிசரைடும் கல்லீரல் கொழுப்பும் உள்ள ஒருவர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

நடைமுறையில் இதற்கு இரண்டாவது டப்பா ஒன்று வேண்டும். மதியத்துக்குக் கட்டும் கூட்டும் பொரியலுமே அதற்கும் போதும். கூடவே இரண்டு சப்பாத்தியோ ஒரு கிண்ணம் சோறோ, ஒரு கிண்ணம் சுண்டலோ பன்னீரோ, முட்டை சாப்பிடுபவரானால் இரண்டு அவித்த முட்டையோ இருக்கட்டும். அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன் சூடாக்கிச் சாப்பிட்டுவிடலாம். இந்த யோசனையைக் கேட்டதும் பல வீடுகளில் கூடுதல் வேலை மனைவியின் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன்; முந்தின இரவு கடலையை ஊற வைப்பதையும், காலையில் குக்கர் வைத்து இரண்டாவது டப்பாவை நிரப்புவதையும் நீங்களே செய்யுங்கள். உடம்பு உங்களுடையது.

வீட்டுக்கு வந்ததும் குடும்பத்தோடு அமர்ந்து சாப்பிடும் அந்த அரை மணி நேரம் போய்விடுமே என்ற தயக்கம் வரும். அது நியாயமான தயக்கம். சேர்ந்து சாப்பிடுவதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஒன்பது மணி வரை சாப்பிடாமல் காத்திருப்பதும் அவர்களுக்கு நல்லதல்ல என்பதால் அவர்களைத் தாயோடு எட்டு மணிக்கே சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் வந்து குளித்துவிட்டு, ஒரு டம்ளர் மோரோ ரசமோ வைத்துக்கொண்டு அவர்களோடு பேசிக்கொண்டிருங்கள். சனி, ஞாயிறில் மூன்று வேளையும் சேர்ந்தே சாப்பிடலாம். இப்படிச் செய்தால் பத்தே முக்கால் மணிக்குப் படுக்கைக்குப் போக முடியும். ஐந்தே முக்காலுக்கு எழுந்தாலும் ஏழு மணி நேரம் கிடைத்துவிடும்.

ஒன்று மட்டும் தடையாக வரும். இரவு பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கைப்பேசியில் கழியும் நேரம்தான் நாள் முழுவதிலும் உங்களுக்கென்று மிஞ்சுவது. அதை விட்டுக்கொடுப்பது சாப்பாட்டை மாற்றுவதைவிடக் கடினம். தொடரோ கிரிக்கெட்டோ, பார்க்க வேண்டியதைத் திரும்பி வரும் ரயிலில் பார்த்துவிடுங்கள், கையை அசைக்க இடம் கிடைக்கும் நாட்களிலாவது. ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக எழுந்தால் போதும். பதினொன்று வரை படுத்துக் கிடந்தால் அன்றிரவு உறக்கம் வராது, திங்கட்கிழமை பழைய கதைதான். மாலை நான்கு மணிக்குப் பிறகு தேநீரும் வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

உறக்கத்தைப் பற்றி உங்கள் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் சில நொடிகள் மூச்சு நின்று திணறி மீள்கிறீர்களா? ஆம் என்றால் அது உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அந்த நிலையில் ஏழு மணி நேரம் படுத்தாலும் களைப்பு தீராது, ரத்த அழுத்தமும் இறங்காது. நெஞ்சக மருத்துவரிடம் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவு சகஜம்.

இனி உடல் உழைப்புக்கு வருகிறேன். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களிலும் உடனடியாக இறந்தவர்கள் குறைவு. வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரியதாக இருந்தது என்பதையும் பின்னர் அவரே கண்டுபிடித்து எழுதினார். எனவே முழுப் பெருமையையும் படிகளுக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் அவர் சொன்ன திசையைத்தான் உறுதிப்படுத்தின. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர்; அவர்கள் வேலையிலேயே அது இருந்தது. உங்களைப் போன்றவருக்கு இதுவே பயன்படும் செய்தி.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குர்லா நிலையத்திலிருந்து அலுவலகம் வரை முழுதும் ஷேர் ஆட்டோவில் போகாமல், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு முன்பே இறங்கி வேகமாக நடந்தால் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆகும், மாலையிலும் அப்படியே. பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்ற வேகம் போதுமானது. ஐந்து நாளில் நூறு நிமிடத்துக்கு மேல் இதிலேயே வந்துவிடும். மாலை நடை ஏழு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைவது இன்னும் நல்லது. சாப்பிட்டவுடன் நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலேயே இழுத்துக்கொள்ளும். மதியம் சாப்பிட்ட பின்னும் கட்டடத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை இந்தத் திட்டத்தைக் கெடுக்கும். அந்த மாதங்களில் அலுவலகப் படிக்கட்டே கதி. ரயிலில் நின்றுகொண்டு வருவதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் முதுகுவலிதான் மிச்சம்.

வலுவூட்டும் பயிற்சிக்கும் ஜிம் தேவையில்லை. சனியும் ஞாயிறும், வாரத்தின் நடுவில் முடிந்தால் ஒரு நாளும், வீட்டிலேயே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். உறக்கம் சீராகி ஓரிரு மாதம் ஆன பிறகும் ஜிம் ஆசை இருந்தால், சனி, ஞாயிறு காலையில் தாராளமாகப் போகலாம்.

சோறா சப்பாத்தியா என்ற வழக்கில் நான் இருவர் பக்கமும் இல்லை. இரண்டும் மாவுச்சத்துதான், நான்கு சப்பாத்தி சாப்பிடுபவர் ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுபவரைவிட எந்த விதத்திலும் முன்னேறிவிடவில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ என்று அளவை மாற்றுவதுதான் பலன் தரும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தை ஒருமுறையாகக் குறைத்தாலே உங்கள் மனைவியின் நோக்கம் நிறைவேறிவிடும்.

உண்மையில் நான் கவலைப்படுவது தேநீரைப் பற்றித்தான். எத்தனை குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அலுவலகத்தில் நான்கு கட்டிங் சாய் (அரை டம்ளர் தேநீர்) என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை வீதம் நாளுக்கு 40 கிராம் அளவுக்குப் போகும். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டிரைகிளிசரைடு கூடுவதற்கு எண்ணெயை மட்டுமே பலர் குற்றம் சொல்கிறார்கள். சர்க்கரையிலும் மைதாவிலும் மிஞ்சுவதைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தேநீர் இரண்டு போதும், அதுவும் சர்க்கரை இல்லாமல். வடா பாவை ஒழித்துவிடச் சொல்லவில்லை. மும்பையில் வாழும் ஒருவருக்கு அப்படிச் சொல்வதில் அர்த்தமும் இல்லை. ஏழு மணிக்கு டப்பா காத்திருக்கிறது என்றால் வாரத்துக்கு ஒன்று என்பது தானாகவே நடக்கும்.

உங்கள் எடையும் உயரமும் தரும் உடல் நிறைக் குறியீடு 28. இந்தியர்களுக்கு 23க்கு மேலேயே கூடுதல் எடை, 25க்கு மேல் உடற்பருமன். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ. வரை இருக்கலாம், உங்களுக்கு எட்டு கூடுதல். இப்போதைக்கு ஐந்து அல்லது ஆறு கிலோவை, ஆறு மாதத்தில் குறைத்தால் போதும். அந்த அளவிலேயே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கிவிடும்.

சிகரெட்டைப் பற்றி ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுதானே என்ற ஆறுதல் அதில் தெரிகிறது. நாளுக்கு இருபது சிகரெட் புகைப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது என்று 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. நுரையீரல் புற்றுநோயின் கணக்கு வேறு. இதயத்தைப் பொறுத்தவரை குறைப்பது போதாது, விட வேண்டும். தேநீரைக் குறைக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிகரெட்டையும் சேர்த்து விடுவது எளிது. உதவி தேவைப்பட்டால் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

ரத்த அழுத்தம் 136/88 என்பதை ஒரே ஓர் அளவீட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. நிலையப் படிகளில் ஏறி இறங்கி, தேநீர் குடித்த கையோடு அளந்திருந்தால் அது கூடுதலாகத்தான் காட்டும். மேற்கையில் சுற்றும் மின்னணுக் கருவி ஒன்றை வாங்கி, ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளந்து எழுதி வையுங்கள். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது சமமட்டமாக ஒரு சிறு கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், ஃபர்சாண் என்ற கார நொறுக்குத்தீனி மூன்றும் தினசரித் தட்டிலிருந்து விலகட்டும்.

மாத்திரை இல்லாமல் தப்பிக்க முடியுமா என்று கேட்டீர்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 ஆனால் நீரிழிவு. நடுவில்தான் இருக்கிறீர்கள். இதே நிலையைப் பற்றி நம் நாட்டில், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் சீராக்கிய குழுவில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் ஏறத்தாழ 40. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் அந்த எண்களை உங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. பழக்கங்களை மாற்றுவது மாத்திரைக்குக் குறைந்த வைத்தியம் அல்ல என்பது அதில் உறுதியானது. அதே சமயம், மாற்றிய பிறகும் 39 பேருக்கு நோய் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் ஒரு நாள் மாத்திரை தேவைப்பட்டால், அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் ரத்தச் சர்க்கரைச் சராசரி. அதனால் இன்றைக்குத் தொடங்கி அடுத்த மாதமே ரத்தம் கொடுத்தால் உங்கள் உழைப்பு முழுதாக அதில் தெரியாது. மூன்று மாதம் முடிந்ததும் அதையும், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் பாருங்கள். முதல் மாதம் இரவுச் சாப்பாட்டையும் உறக்கத்தையும் மட்டும் மாற்றுங்கள். நடையும் தேநீரைக் குறைப்பதும் இரண்டாம் மாதம் சேரட்டும். சிகரெட்டுக்கு மட்டும் இந்த வரிசை இல்லை; அது இன்றே. நிலையப் படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தாலும், காரணமின்றி எடை இறங்கினாலும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தாலும் மூன்று மாதக் கணக்கைப் பார்க்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு வலி ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் அதே நிமிடம் மருத்துவமனைக்குப் போங்கள்.